சிஸ்டர் ஜெயஷீலாவின் பெயரில்

ஜெயஷீலா போன மார்கழியில் இறந்துபோனார். கணையத்தில் கட்டி. தெரியவந்தபோதே காரியம் கைமீறியிருந்தது. நாசரேத் கல்லறைத் தோட்டத்தில் கணவர் தேவதாசனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். சபைப் பத்திரிகையில் சின்னதாக ஓர் அறிவிப்பு வந்தது. தூத்துக்குடி காவல் சம்மனசு மருத்துவமனையில் செவிலியராக ஊழியம் செய்தவர், ஒரே மகன் பெவின் பெங்களூரில் வேலை பார்க்கிறார் என்று. அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அது போதாது.

நர்சிங் முடித்ததும் அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் வேறெங்கும் போகவில்லை. கூடப் படித்தவர்கள் சவுதிக்கும் மஸ்கட்டுக்கும் போய் வீடு கட்டினார்கள். நீங்கள் ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால், "பாஸ்போர்ட் எடுக்கச் சோம்பல்" என்பார். உயரம், ஒல்லி. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்ட கால்கள். அதற்காக இறுக்கமான நீளக் காலுறை போட்டிருப்பார். தேநீரைச் சூடாகக் குடித்ததே இல்லை. ஊற்றி வைத்துவிட்டுப் போவார், ஆடை படர்ந்த பிறகு வந்து ஒரே மடக்கில் குடிப்பார்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கட்டிலில் உட்கார்ந்தால் அவருக்குப் பொறுக்காது.

"அண்ணாச்சி, அது கட்டில். பஸ் ஸ்டாண்டு பெஞ்சு இல்ல. எந்திரிங்க."

மீன்பிடித் துறைமுகத்தில் நாள் முழுக்கக் கத்தி ஏலம் விடுகிறவர்கள்கூட அந்தக் குரலுக்கு எழுந்து நின்றிருக்கிறார்கள்.

வார்டில் எது நடந்தாலும் பொறுப்பு சிஸ்டருடையது. புதிதாக வந்தவள் ஊசியை நரம்பில் ஏற்றத் தெரியாமல் கையை வீங்கவைத்தால் டாக்டரின் ஏச்சு ஜெயஷீலாவுக்கு. வாங்கிக்கொண்டு, டாக்டர் போன பிறகு அவளை லினன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, வாங்கியதில் பாதியை அவளுக்குக் கொடுப்பார். மீதிப் பாதி அவரிடமே தங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குக் கணினி வரும் முன்பே இருந்த வழக்கம் இது. கணினி வந்தபோது வழக்கம் அதற்குள்ளும் போய் உட்கார்ந்தது.

விதிப்படி ஒவ்வொரு நர்சுக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். மருந்து கொடுத்தால் அவரவர் பெயரில் பதிய வேண்டும். நடப்பில் அது நடக்கிற காரியமாக இல்லை. டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் கட்டில் கட்டிலாக மருந்து ஏற்ற வேண்டும். இருப்பது ஒரு கணினி. ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தட்டி, கடவுச்சொல்லைத் தட்டி, அது தப்பு என்று வந்து, மறுபடி தட்டி, ஐந்து முறை தப்பினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். பூட்டினால் இசக்கிராஜாவைக் கூப்பிட வேண்டும். கணினிப் பிரிவுக்கு அவன் ஒருவன்தான். எந்த மாடியில் கூப்பிட்டாலும் வேறு மாடியில் இருப்பான்.

ஜெயஷீலா ஒரு நாள் பொறுத்துப் பார்த்தார். மறுநாள் சொன்னார்.

"என் பேர்ல தொறந்து வச்சிருக்கேன். எல்லாரும் அதுலயே போடுங்க. சண்ட போடாதீங்க."

அதிலும் ஒரு தொல்லை. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரை தானே பூட்டிக்கொண்டது. அதற்கு வழி கண்டுபிடித்தவள் டயானா. மணப்பாடு பக்கத்துப் பெண், தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள், படபடவென்று பேசுகிறவள், வேலையில் கெட்டி. வார்டுக்குள் யாரும் கைக்கடிகாரம் கட்டக்கூடாது என்பதால் ஜெயஷீலாவின் கடிகாரம் எப்போதும் மேசைமேல் கிடக்கும். டயானா அதை மல்லாக்க வைத்து, மேலே கணினியின் மௌஸை வைத்தாள். விநாடி முள் நகர நகர, மௌஸை யாரோ அசைக்கிறார்கள் என்று கணினி நம்பியது. பிறகு திரை பூட்டவே இல்லை.

"ஏளா, இந்த மூளையெல்லாம் படிக்கும்போது எங்க போச்சு?" என்றார் ஜெயஷீலா. கடிகாரத்தை எடுக்கவில்லை.

கடவுச்சொல்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரி விதி வைத்திருந்தது. ஜெயஷீலா பைபிளில் வரும் சங்கீதத்தின் எண்ணை வைத்தார். இருபத்துமூன்றில் தொடங்கினார். மாற்றச் சொல்லும்போதெல்லாம் அடுத்த எண். அதனால் லீவு முடிந்து வருகிறவள் வாசலிலிருந்தே கேட்பாள்.

"சிஸ்டர், இப்ப எத்தனாவது சங்கீதம்?"

"முப்பத்தாறு."

"எங்க கோயில்ல திருப்பாடல்னுதான் சொல்லுவோம்" என்பாள் டயானா.

"உங்க மாதா மன்னிச்சுக்கிடுவா. என் மெஷின் மன்னிக்காது. ஒழுங்கா அடி."

பெவின் பெங்களூரில் பார்ப்பது இது சம்பந்தப்பட்ட வேலைதான். நிறுவனங்களின் கணினிகளைத் திருடர்களிடமிருந்து காப்பது. ஒரு விடுமுறைக்கு வந்தவன் அம்மாவை அழைத்துப்போக வார்டு வாசலுக்கு வந்து, கடிகாரத்தின்மேல் மௌஸ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"அம்மா, இது தப்பு."

"வார்டுல ஒரு நாள் முழுக்க நின்னு பாரு. அப்புறம் தப்பு சொல்லு."

அவன் வெளியே போய் ஸ்கூட்டரைத் திருப்பினான்.

சாயர்புரத்தில் ஆசிரியராக இருந்த தேவதாசன் மாரடைப்பில் போனபிறகு ஜெயஷீலா பிரையண்ட் நகர் வீட்டில் தனியாக இருந்தார். பெவின் பெங்களூருக்குக் கூப்பிட்டான். அங்கே நான் என்ன செய்ய, உன் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றவா என்று கேட்டார். வைகாசியில் பணி ஓய்வு வரவிருந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் இரண்டு வருடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று நிர்வாகி வில்பிரட் வாக்குக் கொடுத்திருந்தார். அது ஒன்றைத்தான் ஜெயஷீலா பிடித்துக்கொண்டிருந்தார். காலையில் சேலை கட்டிக்கொண்டு புறப்பட ஓர் இடம். வீட்டில் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. அதை யாரிடமும் சொன்னதில்லை. பெவினுக்குத் தெரியும்.

தை மாதத்தில்தான் அது நடந்தது.

காவல் சம்மனசில் கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்வார்கள். ஆகவே கப்பல் ஏஜெண்டுகளிடமிருந்து பெயர்ப் பட்டியல்கள் மின்னஞ்சலில் வந்துகொண்டே இருக்கும். யாரும் அவற்றை இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அந்த வாரம் செங்கடல் பக்கம் சரக்குக் கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. டயானாவின் புருஷன் அனிஷ் அந்த வழியாகத்தான் ஒரு கப்பலில் பிட்டராகப் போயிருந்தான். சில நாட்களாகப் போன் இல்லை.

காலை மருந்து முடிந்த நேரம். டயானா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஜெயஷீலா கடந்துபோனவர் நின்றார்.

"என்னளா, மூஞ்சி இப்பிடி வெளுத்துப் போச்சு?"

"கப்பல்ல அடிபட்டவங்க பேருன்னு ஒரு மெயில் வந்திருக்கு சிஸ்டர். அமுக்குனா ஒண்ணும் வர மாட்டேங்குது."

"அனிஷ் கப்பலா?"

"கப்பல் பேரே போடல. அதான் பாக்கலாம்னு…"

"இன்னொரு தடவ அமுக்கிப் பாரு" என்றார் ஜெயஷீலா. மூன்றாம் கட்டிலில் பாட்டில் முடியப்போகிறது. போய்விட்டார்.

டயானா இன்னொரு தடவை அமுக்கினாள். ஒன்றும் வரவில்லை. மத்தியானம் அனிஷே கூப்பிட்டான். கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டுக் கிடந்ததாம், சிக்னல் இல்லையாம். டயானா அழுதாள், பிறகு அவனை ஏசினாள், பிறகு வார்டில் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக்கொடுத்தாள். மின்னஞ்சலை இருவரும் மறந்தார்கள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எந்தக் கணினியும் திறக்கவில்லை. எல்லாத் திரையிலும் ஒரே ஆங்கில வாசகம்: உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க வேண்டுமானால் பணம் கட்டுங்கள்.

அதற்குப் பிறகு நடந்தது வெறும் அலுப்பு. ரத்தப் பரிசோதனை முடிவுக்கு மாடி ஏறி இறங்கினார்கள். எக்ஸ்ரே படம் யாருடையது என்று படத்தைப் பிடித்துக்கொண்டு கட்டில் கட்டிலாகக் கேட்டார்கள். அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஜெயஷீலாவின் கால்கள் காலுறையையும் மீறி வீங்கின. மாப்பிள்ளையூரணியிலிருந்து காய்ச்சலோடு வந்த உப்பளத் தொழிலாளி ஒருத்திக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது. அந்தக் குறிப்பு கணினிக்குள் இருந்தது. கணினிக்கு வெளியே யாருக்கும் தெரியாது, அவளும் சொல்லவில்லை. அந்த மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் அவளுக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறியது. மாற்று ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். மூச்சு சீராகும்வரை ஜெயஷீலா அவள் பக்கத்திலேயே நின்றார். அவள் கண்ணைத் திறந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"நாளைக்கு வேலைக்குப் போலாமா தாயி?"

வில்பிரட் அன்று சாயங்காலம் ஜெயஷீலாவைக் கூப்பிட்டு, "சிஸ்டர், உங்க பையன் இந்தத் துறையிலதான இருக்கான்? ஒரு தடவ வரச் சொல்ல முடியுமா? எங்களுக்கு யாரக் கூப்பிடணும்னே தெரியல" என்றார்.

பெவின் விடுப்புப் போட்டுவிட்டு வந்தான். இசக்கிராஜாவும் அவனும் கணினி அறையில் உட்கார்ந்தார்கள். கோப்புகளின் பழைய நகல் ஒன்று தனி வட்டில் இருந்தது. இசக்கிராஜா அதைக் கழற்றி அலமாரியில் பூட்டி வைத்திருந்தான், அதனால் தப்பித்தது. பணம் கட்டத் தேவையில்லை என்று பெவின் சொன்னபோது வில்பிரட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு கணினியாகத் துடைத்து மீட்டார்கள். அப்படி மீட்டுக்கொண்டு போகும்போது, திருடர்கள் எங்கிருந்து நுழைந்தார்கள் என்பதும் தெரிந்தது. பெண்கள் வார்டுக் கணினி. ஜெயஷீலா என்ற கணக்கு. அதில் திறந்த ஒரு மின்னஞ்சல்.

மறுநாள் காலையில் இட்லி வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டான்.

"அந்த மெயில நீங்க தொறந்தீங்களா?"

"என் பேர்தான இருக்கு."

"பேரக் கேக்கல. ஆளக் கேக்கேன்."

ஜெயஷீலா சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். "நாலு பேர் டியூட்டியில இருந்தோம். நாலு பேரும் அந்த மெஷின்லதான் இருந்தோம்."

"அம்மா, வெள்ளிக்கிழமை கமிட்டி உக்காருது. தொறந்த ஆள வேலைய விட்டு எடுக்கப் போறாங்க. நீங்கன்னா அந்த நர்சிங் ஸ்கூல் கிடையாது."

"தெரியும். சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். இன்னொரு இட்லி வைத்தார். அதையும் சாப்பிட்டான்.

டயானா அன்றே லினன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அந்தக் கதவை எப்போதும் சாத்துகிறவர் ஜெயஷீலாதான். இந்த முறை அவள் சாத்தினாள்.

"சிஸ்டர், நானே போய்ச் சொல்லிருதேன்."

"சொல்லிட்டு?"

"வீட்டுக்குப் போறேன். அவரு கப்பல்லருந்து வார வரைக்கும் மாமியா மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"அதுக்கு இந்த வார்டே மேலு."

டயானா சிரிக்கப் பார்த்தாள். அழுகை வந்தது. ஜெயஷீலா ஒரு தலையணை உறையை எடுத்து அவளிடம் கொடுத்தார், துடைத்துக்கொள்ள.

"அந்த மாப்பிள்ளையூரணிக்காரி செத்திருந்தா என்னளா செஞ்சிருப்ப?"

"அதையேதான் சிஸ்டர் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"நானும். கமிட்டியில என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியாது. உன் பேரச் சொன்னாலும் சொல்லுவேன். எனக்குக் கோவம் இருக்கு. ஆனா எனக்கு முந்தி நீ வாயத் தொறக்காத."

அது உண்மைதான். அவருக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க வீட்டில் துணி மடிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் இரண்டு பேச்சையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். ஒன்றில் டயானா போவாள். இன்னொன்றில் நர்சிங் பள்ளி போகும். டயானாவுக்கு வயது இருக்கிறது, வேறு ஆஸ்பத்திரி கிடைக்கும். திருடர்களை உள்ளே விட்டவள் என்ற பெயரோடு கிடைக்குமா? தனக்கு இன்னொரு வகுப்பறை கிடைக்கப்போவதில்லை. பெவின் அடுத்த அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை வில்பிரட்டின் அறையில் கூடினார்கள். இரண்டு டாக்டர்கள், இசக்கிராஜா, பெவின். ஜெயஷீலாவுக்கு நாற்காலி போட்டார்கள். ஆஸ்பத்திரி நேரத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் விளிம்பில் உட்கார்ந்தார்.

வில்பிரட் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"சிஸ்டர், நீங்க அதத் தொறந்திருக்க மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும். அந்த நேரத்துல யார் யாரு டியூட்டின்னும் தெரியும். யாரு வீட்டு ஆளு கப்பல்ல இருக்கான்னும் தெரியும். நீங்க உங்க வாயால ஒரு பேரச் சொல்லிருங்க. போதும். நர்சிங் ஸ்கூல் விஷயம் பேசுனபடியே இருக்கு."

ஒரு டாக்டர் பெவின் பக்கம் திரும்பினார். "தம்பி, யாரு தொறந்தான்னு மெஷின் சொல்லாதா?"

"கணக்கச் சொல்லும் சார். விரலச் சொல்லாது" என்றான் பெவின்.

எல்லோரும் ஜெயஷீலாவைப் பார்த்தார்கள். அவருக்கு முழங்கால் வலித்தது. எழுந்து நின்றால் தேவலை என்று தோன்றியது. எழுந்து நின்றார்.

"சார், அந்த மெஷின்ல யாரு என்ன செஞ்சான்னு அதுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாதபடி வச்சவ நான். கடவுச்சொல்ல வார்டுல எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தேன். திரை பூட்டாம இருக்க என் வாட்ச மௌசுக்கு அடியில போட்டு வச்சிருந்தேன். ஒரு தடவ அமுக்கி வரலன்னதும் இன்னொரு தடவ அமுக்குன்னு சொன்னதும் நான்தான்."

"யார்ட்ட சொன்னீங்க சிஸ்டர்?"

"வார்டுல சொன்னேன்."

"வார்டுல யார்ட்ட?"

"என் வார்டுல சார்."

வில்பிரட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிச்சுப் பேசுங்க. நான் வேற ஒண்ணும் செய்ய முடியாமப் போயிரும்."

"யோசிச்சாச்சு சார். ஒரு வாரமா அதுதான் வேல."

வைகாசியோடு அவரை விடுவிப்பது, நர்சிங் பள்ளிப் பேச்சு ரத்து, வேறு யார்மீதும் நடவடிக்கை இல்லை. இதை எழுதக் கொஞ்ச நேரம்தான் ஆனது. ஜெயஷீலா கையெழுத்துப் போட்டுவிட்டு வார்டுக்குப் போய் மத்தியான மருந்தைக் கொடுத்தார்.

சாயங்காலம் பெவினின் ஸ்கூட்டரில் வந்தார்கள். துறைமுகச் சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. கரித்தூள் காற்றில் இருந்தது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது பெவின் கேட்டான்.

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல? உனக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரிஞ்சது ஊகம். ரிப்போர்ட்ல ஊகத்த எழுத முடியாது."

"எனக்கும் ஊகம்னே வச்சுக்கோ."

"உங்களுக்கு ஊகம் இல்ல."

கேட் திறந்த பிறகு ஜெயஷீலா முதுகுக்குப் பின்னாலிருந்து, "பசிக்குது. பொரிச்ச பரோட்டா வாங்கிட்டுப் போவோம். சமைக்க என்னால ஆகாது" என்றார்.

இனி ஆஸ்பத்திரியில் கடவுச்சொல்லே வேண்டாம் என்று பெவின் எழுதிக்கொடுத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னதால்தான் எல்லோரும் எண்ணைக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஐந்து முறை தப்பினால் பூட்டியதால்தான் ஒரே கணக்கில் குடியேறினார்கள் என்றான். நிர்வாகம் அவனையே இருந்து செய்துகொடுக்கச் சொன்னது. பெங்களூரில் கேட்டு, தூத்துக்குடியிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினான்.

முதலில் விரல் ரேகையை முயன்றார்கள். ஜெயஷீலா கட்டைவிரலை வைத்தார். கருவி சிவப்பாக மின்னியது. துடைத்து வைத்தார். சிவப்பு. மற்ற விரல்களையும் வைத்தார்.

"எனக்கு ரேகையே கெடையாதுங்குதா?"

"ஸ்பிரிட்டு போட்டுத் தேச்சுத் தேச்சு அழிஞ்சிருக்கு சிஸ்டர்" என்றான் இசக்கிராஜா. "மூத்த சிஸ்டர் முக்கால்வாசிப் பேருக்கு இதே கததான்."

முகத்தைக் காட்டித் திறப்பது முகக்கவசத்தால் ஆகவில்லை. கைபேசியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோகக் கூடாது. கடைசியில் அட்டை. கழுத்தில் தொங்கவிடும் அடையாள அட்டைதான், உள்ளே ஒரு சில்லு. வேலைக்கு வந்ததும் ஒருமுறை ரகசிய எண்ணைத் தட்ட வேண்டும். பிறகு நாள் முழுக்க எந்தக் கணினியிலும் அட்டையை ஒற்றினால் திறக்கும். இன்னொருத்தி ஒற்றினால் முன்னவளுடையது மூடி அவளுடையது திறக்கும்.

பெண்கள் வார்டில் கூட்டம் போட்டு பெவின் சொன்னான்: "கடவுச்சொல்லத் திருடலாம், ஏமாத்தி வாங்கலாம், நீங்களே சொல்லிக்குடுக்கலாம். இந்த அட்டைக்குள்ள இருக்கிறது உங்களுக்கே தெரியாது. தெரியாதத யாருக்கும் சொல்லிக்குடுக்க முடியாது."

"மாட்டுக்குக் காதுல கம்மல் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் டயானா. எல்லோரும் சிரித்தார்கள்.

"மாடு காணாமப் போனா கண்டுபிடிக்கலாம்லா" என்றார் ஜெயஷீலா. அவரும் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்ததை பெவின் பார்த்தது அப்போதுதான்.

அட்டை வந்த பிறகு வார்டு கொஞ்சம் மாறியது. யாரும் சொல்லவில்லை, ஜெயஷீலா பார்த்தார். டயானா மருந்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போகிறவள், பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, அளவை இன்னொரு தடவை படித்துவிட்டுப் போனாள். முன்பு அப்படிச் செய்யமாட்டாள். முன்பு எழுதிய பெயர் சிஸ்டருடையது. இத்தனை வருடமாக இவர்களுக்கு நிழலாக இருந்தோம் என்று நினைத்திருந்தார். டயானா திரும்பி வந்து படிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசந்தது. டயானாவிடம் அதைச் சொல்லவில்லை. ஒரு நாள் பெவினிடம் மட்டும், "நான் கெடுத்துதான் வச்சிருந்திருக்கேன்" என்றார். அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சித்திரை வெயிலில் கால்கள் இன்னும் மோசமாயின. வயிற்றில் ஒரு வலி வந்துபோய்க்கொண்டிருந்தது. அதை அல்சர் என்று தாமே முடிவுசெய்து மாத்திரை போட்டுக்கொண்டார். வைகாசி பிறந்தது. ஓய்வுபெறும் நாளுக்கு விழா வேண்டாம் என்று வில்பிரட்டிடம் சொல்லிவிட்டார். அவரும் வற்புறுத்தவில்லை.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம். காலையில் கர்ப்பப்பை எடுத்த ஒரு பெண் மயக்கம் தெளிந்து வலியில் முனகிக்கொண்டிருந்தாள். அவள் டயானாவின் கட்டில். டயானா கணினிக்கு வந்து கழுத்தைத் தடவினாள். அட்டை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். இசக்கிராஜாவுக்குப் போன் போட்டாள். தற்காலிக அட்டை அவனிடம்தான். அவன் போனை எடுக்கவில்லை.

முனகல் அழுகையாக மாறியது. கூட இருந்த புருஷன் எழுந்து நின்றான்.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டாள் டயானா. "உங்க அட்டைய ஒரே ஒரு தடவ வையுங்க. ஊசியப் போட்டுட்டு வந்திருதேன்."

ஜெயஷீலா மருந்து அலமாரியடியில் நின்றார். மற்ற இரண்டு நர்சுகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவருடைய கை தன்னையறியாமல் கழுத்துப் பட்டைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"தரமாட்டேன்."

"சிஸ்டர், அந்தம்மா துடிக்கா…"

"தெரியுது. நகரு."

கையைக் கழுவினார். அட்டையை ஒற்றினார். டாக்டர் எழுதியதைப் படித்தார், இன்னொரு தடவையும் படித்தார். மருந்தை ஏற்றி, அளவை வெளிச்சத்தில் பார்த்து, கட்டிலுக்குப் போனார். "கொஞ்சம் எரியும்மா, பொறுத்துக்கோ" என்று சொல்லிச் சொட்டு ஏறுகிற குழாயில் மெதுவாகச் செலுத்தினார். புருஷனை ஒரு பார்வை பார்த்தார். அவன் கட்டில் விளிம்பிலிருந்து கையை எடுத்தான். திரும்பி வந்து தன் பெயரில் பதிந்தார். கையைக் கழுவினார்.

டயானா அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"வீட்டுக்குப் போய் அட்டைய எடுத்துட்டு வா. நீ வார வரைக்கும் உன் கட்டிலையும் நான் பாத்துக்கிடுதேன்."

"கோவமா சிஸ்டர்?"

"கோவப்பட எனக்குத் தெம்பில்லளா. ஆட்டோ புடிச்சுப் போ. சீக்கிரம் வா."

டயானா போனாள். அவளுடைய கட்டில்கள் ஆறு. வெயில் ஜன்னல் வழியாக வார்டின் பாதிவரை வந்திருந்தது. ஜெயஷீலா காலுறையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் கட்டிலுக்கு நடந்தார்.